சுட்டால் பதமாகுமா?

2022 ஏப்ரல் கடைசி. சதுப்புநிலத்தை ஒட்டிய பெருங்குடி குப்பைக் கிடங்கு எரிந்துகொண்டிருந்தது. பள்ளிக்கரணையில் எங்கள் வீட்டுச் சன்னல்களையெல்லாம் புகைக்குப் பயந்து சாத்திவிட்டு, தோசைக்கல்லில் வஞ்சிரம் போட்டிருந்தேன். பதினான்கு வயது மகள் அவசரப்பட்டுத் திருப்பினாள். மீன் கல்லோடு ஒட்டிப் பிய்ந்தது. "போற வீட்ல என் பேரைத்தான் கெடுக்கப்போறே" என்றேன். அவள் கரண்டியை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அந்தச் சொல் என் அம்மா எனக்குச் சொன்னது. அம்மாவுக்கும் யாரோ சொல்லியிருப்பார்கள்.

தமிழில் அப்பமும் சுடுகிறோம், சொல்லாலும் சுடுகிறோம். வள்ளுவர் 129ஆம் குறளில் தீ சுட்டதைப் புண் என்றும் நாக்கு சுட்டதை வடு என்றும் பிரித்தார். புண் ஆறிவிடும், வடு ஆறாது. ஆனால் வீடுகளில் புழங்குவது வேறு: "நல்ல மாட்டுக்கு ஒரு சூடு, நல்ல பெண்ணுக்கு ஒரு சொல்." ஒரே சொல்லில் அடங்குபவள் நல்லவள். சுட்டவர் நல்லவரா என்று அந்தப் பழமொழி கேட்பதில்லை.

சுட்டால்தானே பதமாகும் என்று சமையலறையைச் சாட்சிக்கு அழைக்கிறோம். அங்கேயும் ஒரு பொய் நம்பிக்கை உண்டு. இறைச்சியின் மேற்புறத்தில் சட்டென்று பெருஞ்சூடு பட்டால் அது இறுகி, சாற்றை உள்ளேயே காக்கும் என்றார் 19ஆம் நூற்றாண்டின் ஜெர்மன் வேதியியலாளர் லீபிக். அது தவறென்று பின்னால் தெரிந்தது. முறுகல் நிறமும் மணமும் ருசியும் தரும். எதையும் பூட்டி வைக்காது. கல்லில் கேட்கும் 'சுர்' சத்தமே ஈரம் வெளியேறும் சத்தம்தான்.

கடுஞ்சொல்லால் மகளை உறுதியாக்குகிறோம் என்று நினைக்கிறோம். பதில் பேசாத முகம்தான் கிடைக்கிறது. உள்ளே ஈரம் வற்றுவது நமக்குத் தெரிவதில்லை.

பெண்கள் சூடாகப் பேசவே கூடாது என்று சொல்லவில்லை. 'சூடு சொரணை' என்று மானத்துக்கும் அந்தச் சொல்லைத்தானே வைத்திருக்கிறோம்? நம்மை அடக்குபவர் முன்னால் அந்தச் சூடு வேண்டும். நானோ அங்கெல்லாம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, திருப்பிப் பேச முடியாத ஒரு சிறுமியிடம் அதைக் காட்டினேன்.

குப்பைக் கிடங்கில் மேலே தண்ணீர் அடித்தும் அடியில் நாட்கணக்கில் கனன்றது. நான் மன்னிப்புக் கேட்க அதைவிட அதிக நாளாயிற்று. கேட்டபோது அவள் சொன்னாள்: "எப்பத் திருப்பணும்னு மட்டும் சொல்லியிருக்கலாம்லம்மா."

அதை நான் சொல்லவே இல்லை.