முதியவரின் பல்லும் நமது நீதியும்

பல் போனால் சொல் போச்சு என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. நரையையும் திரையையும் போலப் பல் விழுவதையும் முதுமையின் இயல்பென்றே நமது சமுதாயம் நெடுங்காலம் கருதி வந்திருக்கிறது. பாக்குரலில் வெற்றிலை இடிக்கும் பொக்கைவாய் ஆச்சி நமக்குச் சிரிப்பூட்டும் சித்திரமாகப் பழகிவிட்டார். ஆனால், பற்கள் வெறும் வயதினால் விழுவதில்லை. சூத்தையினாலும் முரசு நோயினாலுமே பெரும்பாலும் விழுகின்றன. இவற்றைப் பெருமளவு தடுக்க முடியும். யப்பானில் 1989இல் தொடங்கிய இயக்கமொன்று, எண்பது வயதிலும் இருபது பற்கள் என்பதைத் தன் இலக்காக வகுத்துக்கொண்டது. இருபது பற்கள் இருந்தால் பெரும்பாலான உணவை மென்று உண்ணலாம் என்பதே அதன் அடிப்படை. ஆகவே, இயற்கை என்று நாம் சொல்லிவந்ததில் ஒரு பங்கு வறுமையின் விளைவு, புறக்கணிப்பின் விளைவு.

இங்கேதான் ஓர் ஒழுக்கவியற் கேள்வி எழுகிறது. எழுபத்தைந்து வயது மூதாட்டி ஒருவர், நோகும் கடைவாய்ப் பல்லோடு வைத்தியர் முன் அமர்ந்திருக்கிறார் எனக் கொள்வோம். பல்லைப் பிடுங்கலாம், அல்லது வேரைச் சுத்தஞ்செய்து அடைத்துக் காப்பாற்றலாம். முன்னது ஒரு தடவையில் முடியும். அரசாங்க ஆஸ்பத்திரியில் அதற்குக் காசு வேண்டியதில்லை. பின்னதற்குப் பல தடவை வரவேண்டியிருக்கும். தனியாரிடம் செய்வதாயின் செலவும் பெரிது. நெடுந்தீவிலிருந்து வருபவர் படகில் கடலைக் கடந்து, குறிகட்டுவானில் இறங்கி, பஸ் பிடித்து நகரை அடையவேண்டும். அவரை மீண்டும் மீண்டும் வரச்சொல்வது எளிதன்று. அப்படியாயின், 'பிடுங்குவோம்' என்று தீர்ப்பளித்தது வைத்திய சாஸ்திரமா, படகும் பஸ்ஸுமா?

வைத்தியரைக் குறைகூறுவது நமது நோக்கமன்று. முதியவரின் உடல் தனிக்கவனத்தை வேண்டுவதே. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தை உட்கொள்பவருக்குப் பல் பிடுங்கினால் குருதி நிற்கச் சுணங்கும். எலும்புத் தேய்வுக்கான சில மருந்துகளை உட்கொள்வோருக்குத் தாடையெலும்பிற் புண் ஆறாமற் போவதுண்டு. வேறு சில மருந்துகள் உமிழ்நீரைக் குறைக்க, முரசு தேய்ந்து வெளித்தெரியும் வேர்களிற் சூத்தை விரைந்து பரவும். நோவோ சீழோ இன்றி நெடுநாட் கிடக்கும் முறிந்த வேரைத் தொடாமல் விடுவதே சிறந்த வைத்தியமாக இருத்தலுங் கூடும். இவையெல்லாம் உடலை நோக்கி எடுக்கப்படும் முடிவுகள். ஒரே வயதினர் இருவரின் உடல்நிலை ஒன்றாக இராது. ஆதலின், வயதை மட்டும் வைத்து எடுக்கும் முடிவு வைத்திய முடிவாகாது.

ஆயினும், 'இந்த வயசிலை இனி என்னத்துக்கு?' என்ற பேச்சு நம் வீடுகளில் எழாமலில்லை. எஞ்சிய ஆண்டுகள் குறைவு, ஆதலாற் செலவு வீண் என்பதே அதன் உட்பொருள். அமெரிக்கத் தத்துவ அறிஞர் டானியல் கலகன் 1987இல் வெளியிட்ட நூலொன்றில், முதுமையில் உயிரை நீடிக்கும் பெருஞ்செலவு வைத்தியத்துக்கு வயதெல்லை வகுக்கலாமென வாதிட்டார். அவ்வாதம் கடுங்கண்டனத்துக்கு உள்ளாயிற்று. ஆனால், துன்பந் தணிக்கும் பராமரிப்பை மறுக்க அவரும் துணியவில்லை. பல் வைத்தியம் நோவின்றி உண்ணவும் பேசவும் கூச்சமின்றிச் சிரிக்கவும் உதவுவது. ஐந்து ஆண்டுகளே எஞ்சியிருப்பினும், அந்த ஐந்து ஆண்டுகளிலும் நாள்தோறும் மூன்று வேளை உண்ணவேண்டுமன்றோ?

குடாநாட்டில் இக்கேள்வி இன்னுஞ் சிக்கலானது. போரும் புலப்பெயர்வும் பிள்ளைகளைக் கனடாவுக்கும் இலண்டனுக்கும் கொண்டுசென்றுவிட, பெற்றோர் தனித்திருக்கும் வீடுகள் பல. காசு கொடுப்பவர் அங்கே, நோவு படுபவர் இங்கே. முடிவு தொலைபேசியிலே பேசப்படுகிறது. காசு வராவிடின் வேண்டிய சிகிச்சை இல்லை. காசு தாராளமாக வந்தால் வேண்டாத சிகிச்சையும் சேர்ந்து வரலாம். இரண்டிலும் அந்த வாய்க்குரியவரின் குரல் கேட்பதில்லை.

கேட்டாலும் அவர், 'எனக்கு வேண்டாம். பிள்ளையளுக்கு வீண் செலவு' என்பார். அச்சொல்லை அப்படியே ஏற்பதுதான் மரியாதை என்று சிலர் சொல்வர். நாம் அதனை முற்றாக ஒப்புக்கொள்வதற்கில்லை. எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியாக எஞ்சியதை உண்டு பழகிய பெண்ணின் 'வேண்டாம்', அவருடைய விருப்பமா, வாழ்க்கை அவருக்குக் கற்பித்த அடக்கமா? வெளியிலிருந்து நாம் அதனைத் தீர்மானிக்க முடியாது. அவரை மீறிச் சிகிச்சை செய்வதும் அநீதியே. செய்யக்கூடியது ஒன்றுண்டு. செலவையும் அலைச்சலையும் அவர் தோளிலிருந்து இறக்கிவிட்டு, வழிகளை விளங்கச் சொல்லி, மறுபடியும் கேட்க வேண்டும். அதன் பின்னரும் அவர் 'வேண்டாம்' என்றால், அது அவருடைய முடிவு. அதற்கு நாம் தலைவணங்குவோம்.

விளங்கச் சொல்வது சிறு காரியமன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் வைத்தியஞ் செய்ததோடு, மேனாட்டு வைத்திய நூல்களைத் தமிழாக்கி மாணாக்கருக்குத் தமிழிலேயே கற்பித்தார். அம்மண்ணில் நின்று, 'அம்மா, முன்பு உண்ட எதை இப்போது உண்ணாமல் விட்டுவிட்டீர்கள்?' என்று கேட்க ஒரு வைத்தியருக்கு இரண்டு நிமிடம் போதும். 'புழுக்கொடியல்' என்று அவர் சொல்லும் பதிலிலும், எக்ஸ்ரே படத்தில் தெரியாத செய்தி இருக்கும். ஆனால், வாசலில் நீண்ட வரிசை காத்திருக்க, அந்த இரண்டு நிமிடத்தை வைத்தியர் எங்கிருந்து பெறுவார்?

ஆகவே, தனிமனிதரின் நல்லெண்ணம் மட்டும் போதாது. பள்ளிப் பிள்ளைகளின் பற்களுக்கென்று பயிற்றப்பட்ட சிகிச்சையாளரைப் பாடசாலைகளில் அமர்த்திய நாடு இது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, நமது சனத்தொகையில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் அறுபது வயதைக் கடந்தவர்கள். பிள்ளைக்குச் செய்ததை முதியவருக்குஞ் செய்யலாகாதா? தீவுகளுக்கும் கிராமங்களுக்கும் சென்று பார்க்கும் பல் வைத்தியம், காசின்றிக் கிடைக்கும் கட்டுப்பல், நோயாளியோடு பேச நேரம் என்பவை நாம் கேட்கவேண்டிய உரிமைகள். அவை கிடைக்கும்வரை, வைத்தியரின் நாற்காலியில் அமர்ந்திருக்கும் முதியவருக்குத் தெரிவுரிமை உண்டு என்று நாம் சொல்வது பாதி உண்மையே.