மன்னிப்பும் நியாயமும்

ஆயுதந்தாங்கிக் கிளர்ந்தவருடன் அரசு உடன்படிக்கை செய்துகொள்ளும்போது, மாண்டவர்க்கு நியாயம் எங்கே என்னும் கேள்வி எழுகின்றது. பௌத்தராகிய நமக்கு உடனே அங்குலிமாலர் நினைவுக்கு வருவார். ஆயினும் அவர் சரித்திரத்தை மன்னிப்போடு முடித்துவிடுவோரே பலர்.

கோசல மன்னர் பசேநதி ஐந்நூறு குதிரைவீரருடன் அவரைப் பிடிக்கப் புறப்பட்டவர். பகவான் புத்தரின் அருகே துவராடையில் அமர்ந்திருப்பவர் அவரே என்றறிந்து, தண்டிக்காது வணங்கித் திரும்பினார். மக்களோ அவரைக் கண்டு அஞ்சி ஓடினர், கதவடைத்தனர், குறைகூறினர். அதன்மேல், பேர்போன கள்வருக்குத் துறவளித்தல் கூடாதென்று பகவான் விநயத்தில் விதி செய்தார். பிச்சைக்குச் சென்ற அங்குலிமாலர் கல்லும் கோலும் பட்டு, மண்டை உடைந்து, பாத்திரம் நொறுங்கி வந்தபோதும், பொறுத்துக்கொள்ளுமாறு அவருக்கே கூறினார். அரசர் விட்டுக்கொடுத்தது தம் தண்டனை அதிகாரத்தை மட்டுமே. மகனை இழந்த தாயின் வழக்கு அவர் கையிலில்லை.

நம் நாட்டு வழக்கொன்றை இதனோடு வைத்துப் பார்ப்போம். 1966 மார்ச்சில் மிசோ தேசிய முன்னணி கிளர்ந்தபோது அய்சால் நகர்மீது இந்திய விமானங்களே குண்டு வீசின. 1967 முதல் கிராமத்தார் பெயர்க்கப்பட்டுச் சாலையோரக் காவற்குடியிருப்புகளில் வைக்கப்பட்டனர். அவர்கள் விட்டுவந்த ஊர்கள் பல கொளுத்தப்பட்டன. முன்னணியினரும் கொன்றனர், 1975 ஜனவரியில் அய்சாலிலேயே உயர் போலீஸ் அதிகாரிகள் மூவரைச் சுட்டு வீழ்த்தினர். 1986 ஜூன் 30இல் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அவ்வாண்டே முன்னணித் தலைவர் லால்டெங்கா முதலமைச்சரானார்; 1987 பிப்ரவரி 20இல் மிசோரம் தனி மாநிலமாயிற்று.

இருபதாண்டு அச்சம் நீங்கியது சிறிய நன்மையன்று. அவ்வுடன்படிக்கையைப் பழிப்பார் கட்சியில் நாமில்லை. இறந்தோர் குடும்பத்திற்குத் தொகையும், பயிருக்கும் வீட்டுக்கும் நஷ்டஈடும் அதில் பேசப்பட்டன. யார் ஆணையால் ஊர் எரிந்தது, யார் யாரைக் கொன்றார் என்னும் விசாரணைக்கு மட்டும் அதில் இடமில்லை. பயிருக்கு விலை கிடைத்தது, உண்மைக்குக் கிடைக்கவில்லை. ஊராரிடம் அடிபட்டபின் ‘ராஜியாகப் போங்கள்’ என்னும் உபதேசத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவந்த நமக்கு இதன் கசப்பு தெரியாததன்று.

சிறைத்தண்டனையை விட்டுக்கொடுக்கலாம் என்பதே எம் கருத்து. இன்னும் உயிர்கள் மடிவதைவிட அது மேல். செய்ததை, இழந்தவர் முகத்தைப் பார்த்து, பகிரங்கமாகச் சொல்லும் கடமையை விட்டுக்கொடுத்தலாகாது. அதை உடன்படிக்கையில் ஒரு ஷரத்தாகவே எழுதவேண்டும். துப்பாக்கிகளை எண்ணி வாங்கிக்கொண்ட அதிகாரிகளுக்கு இந்த ஒப்புதலையும் கேட்டு வாங்குவது இயலாத காரியமன்று. கேட்டால் அரசும் தன் பங்கைச் சொல்லவேண்டிவரும். தடை அங்கேதான் இருக்கின்றது.