ஒட்டப்பட்ட பெயர்

திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் நோக்கிச் செல்லும் சாலையில் விடியற்காலையில் நிற்பவர், ஒன்றன்பின் ஒன்றாக வரும் கம்பெனிப் பேருந்துகளையும், கழுத்தில் அடையாள அட்டை தொங்க அவற்றிற்காகக் காத்திருக்கும் இளைஞர்களையும் காண்பார். இராமானுசர் பிறந்த ஊர் என்று அறியப்பட்ட இப்பகுதி, ஏரியும் வயலுமாய் இருந்த காலம் நம் நினைவுக்கு எட்டாததன்று. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்க் கார்கள் உருவாகத் தொடங்கின. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் தொழிற்சாலையும், 2012இல் டைம்லரின் சரக்குந்துத் தொழிற்சாலையும் திறக்கப்பட்டன. இப்பெரிய ஆலைகளுக்கு உதிரிப் பாகங்கள் செய்து கொடுக்கும் சிறு ஆலைகள் எத்தனையோ. நம் மக்களில் பலர் அவற்றில் ஒப்பந்தத் தொழிலாளராய் உழைக்கின்றனர்.

அவர்களுள் ஒருவர், சென்ற ஆண்டு ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்ததும் தயங்கித் தயங்கி நம்மிடம் வந்தார். "சாமி, ஒரு சந்தேகம். பாவசங்கீர்த்தனத்துல சொல்றதா, சும்மா கேக்கிறதான்னு தெரியல" என்றார். பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்ற மகனுக்கு, தவணை முறையில் ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுத்திருக்கிறார். சட்டத்தின்மேல் 'கார்பன்' என்று பெரிய எழுத்துகளில் ஒட்டியிருந்தது. விமானத்திற்குப் பயன்படும் பொருள் என்று கடைக்காரர் சொன்னதாக அவருக்கு நினைவு. மகனோ பள்ளி முழுவதும் அதைச் சொல்லி மகிழ்ந்தான். பிறகொரு நாள் பழைய இரும்புக் கடைத் தராசில் விளையாட்டாக நிறுத்துப் பார்த்தால், 16 கிலோ. கடைக்காரரிடம் போய்க் கேட்டபோது அவர் சிரித்துக்கொண்டே, "எஃகுல கார்பன் இருக்குங்க. நாங்க பொய் சொல்லலியே" என்றாராம்.

அவருடைய சந்தேகம் அதோடு நிற்கவில்லை. அவர் வேலை செய்யும் சிறு ஆலையில், காரின் உட்புறத்தில் பொருத்தும் பிளாஸ்டிக் பட்டைகளின்மேல், கறுப்பும் சாம்பலும் கலந்த நெசவுக் கோலம் அச்சிட்ட தாளை ஒட்டுவதே அவர் பணி. "அந்தக் கடைக்காரர் என்னை ஏமாத்துனாருன்னா, நான் தினமும் எட்டு மணி நேரம் யாரை ஏமாத்துறேன், சாமி?"

இக்கேள்விக்கு உடனே விடை சொல்ல நம்மால் இயலவில்லை. குருமடத்தில் பயின்ற அறநெறி இறையியல் நூல்களை மீண்டும் புரட்ட வேண்டியிருந்தது. அதற்கு முன் அப்பொருளைப் பற்றியும் சற்று அறிந்துகொள்ள வேண்டியிருந்தது.

கார்பன் இழை என்பது பெரும்பாலும் ஒருவகைச் செயற்கை நூலை, உயிர்வளி புகாதவாறு ஆயிரம் பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் கருக்கிப் பெறப்படுவது. ஓர் இழை நம் தலைமுடியின் பத்தில் ஒரு பங்கு பருமனே இருக்கும். இவ்விழைகளைத் துணிபோல் நெய்து, பிசினில் தோய்த்து, அச்சில் அடுக்கி இறுகச் செய்தால் கிடைக்கும் பொருள், எஃகின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். இழை ஓடும் திசையில் அதன் வலிமையோ வியப்புக்குரியது. 1981இல் மெக்லாரன் நிறுவனம் பந்தயக் காரின் உடற்கூட்டையே இதனால் அமைத்தது. 1992இல் பார்சிலோனா ஒலிம்பிக்கில் இங்கிலாந்து வீரர் கிறிஸ் போர்ட்மேன், கார்பன் இழையால் ஆன லோட்டஸ் சைக்கிளில் ஏறித் தங்கம் வென்றார். சைக்கிளே வென்றது என்பது போல் உலகம் பேசியது. உண்மையில் அதன் சிறப்பு எடைக் குறைவைவிடக் காற்றைக் கிழித்துச் செல்லும் வடிவத்தில்தான் இருந்தது. அதை மிதித்தவையோ ஒரு மனிதனின் பல்லாண்டுப் பயிற்சி பெற்ற கால்கள்.

சைக்கிளுக்கு இப்பொருள் ஏன் பொருந்துகிறது, சாதாரணக் காருக்கு ஏன் எளிதில் பொருந்துவதில்லை என்பதைச் சிறு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். 60 கிலோ எடையுள்ள மாணவன் 16 கிலோ சைக்கிளில் செல்கிறான் என்போம். மொத்தம் 76 கிலோ. 8 கிலோ எடையுள்ள கார்பன் சைக்கிளைக் கொடுத்தால் சுமையில் பத்தில் ஒரு பங்கு குறைகிறது. சமவெளிச் சாலையில் அவ்வளவாகத் தெரியாவிட்டாலும் மேட்டில் ஏறும்போது அவன் கால்களுக்குத் தெரியும். அதே 8 கிலோவை 1,000 கிலோ எடையுள்ள காரில் குறைத்தால் நூறில் ஒரு பங்குகூட இல்லை. மேலும், எஃகுத் தகட்டை அழுத்திக் கதவாக்க நொடிகள் போதும். இழையை அடுக்கிப் பிசினை இறுக்கப் பல நிமிடங்களோ மணிகளோ ஆகும். விலையும் மிகுதி. முழு முயற்சியாக இதைச் செய்து பார்த்தவர்களும் உண்டு. 2013இல் வெளிவந்த பி.எம்.டபிள்யூ. ஐ3 என்னும் மின்சாரக் கார், மின்கலத்தின் சுமையை ஈடுகட்டத் தன் பயணிகள் கூட்டைக் கார்பன் இழையால் அமைத்துக்கொண்டது. இரண்டரை இலட்சம் கார்கள் செய்தபின், 2022இல் அதன் உற்பத்தி நின்றது. சாதாரண மக்களின் கார்கள் இன்றும் எஃகிலேயே ஓடுகின்றன.

ஆனால் பொருள் வந்து சேராத இடத்திற்குப் பெயர் வந்து சேர்ந்துவிட்டது! பந்தயக் காரின் புகழ், அச்சிட்ட தாளாகிப் பிளாஸ்டிக்கின்மேல் ஏறிக்கொண்டது. எடையைக் குறைப்பதற்கென்றே தோன்றிய ஒன்றின் பெயரால் ஒட்டப்படும் அத்தாள், உண்மையில் காரின் எடையைச் சிறிது கூட்டவே செய்கிறது.

இதைப் பொய் என்று சொல்லலாமா? விளம்பரம் என்றால் சற்று மிகைப்படுத்துவது இயல்புதானே என்பர் சிலர். நம் இலக்கணமே உயர்வு நவிற்சி அணி என்று மிகைக்கு இடம் தந்திருக்கிறதே என்றும் கேட்கலாம். நல்ல கேள்விதான். மாடம் வானைத் தொடுகிறது என்று புலவர் பாடினால், அதைக் கேட்டு எவரும் ஏணி தேடுவதில்லை. பாடுபவருக்கும் கேட்பவருக்கும் அது மிகை என்று தெரியும், தெரிந்தே சுவைக்கின்றனர். சைக்கிள் சட்டத்தில் ஒட்டிய பெயரோ, வாங்குபவர் அறியாதவராய் இருந்தால் மட்டுமே வேலை செய்கிறது. அவர் அறிந்த கணத்தில் அதன் ஆற்றல் மறைந்துவிடுகிறது. கேட்பவர் அறிந்தபின்னும் நிற்கும் மிகை அணி. அறிந்தவுடன் இறந்துபோகும் மிகை ஏமாற்று. இவ்விரண்டையும் பிரித்தறிய இதைவிட எளிய உரைகல் நமக்குத் தோன்றவில்லை.

கடைக்காரரின் வாதம் இன்னும் நுட்பமானது. எஃகு என்பதே இரும்போடு சிறிதளவு கார்பன் சேர்ந்த கலவை. நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே பெரும்பாலும் இருக்கும். எனினும் இருப்பது உண்மை. ஆகவே அவர் சொன்ன சொல் பொய்யன்று. இவ்வாதம் நம் இறையியலுக்குப் புதிதும் அன்று. நாவால் ஒன்றைச் சொல்லி, அதன் முழுப் பொருளை மனத்திற்குள் ஒளித்துக்கொண்டால் பொய்யாகாது என்று 17ஆம் நூற்றாண்டில் அறநெறியாளர் சிலர் கற்பித்தனர். மனத்துள் ஒதுக்கீடு என்று அதற்குப் பெயரும் இட்டனர். 1679இல் திருத்தந்தை பதினொன்றாம் இன்னொசென்ட் அப்போதனையைக் கண்டித்து விலக்கினார். அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே புனித அகுஸ்தினார், பொய்யின் வேர் சொல்லில் மட்டுமன்று, ஏமாற்ற எண்ணும் உள்ளத்தில் இருக்கிறது என்று காட்டியிருந்தார்.

புனித தோமா அக்குவினாரும் தம் இறையியல் தொகுப்பில் வாங்கல் விற்றல் பற்றித் தனி வினா ஒன்றே எழுதியிருக்கிறார். விற்கும் பொருளின் குறையை விற்பவன் சொல்ல வேண்டுமா என்று கேட்டு, ஒற்றைக் கண் குதிரையை எடுத்துக்காட்டுகிறார். குறை வெளிப்படையாய்த் தெரிந்து, விலையும் அதற்கேற்பக் குறைக்கப்பட்டிருந்தால் வாய்திறந்து சொல்ல வேண்டியதில்லை. மறைந்திருக்கும் குறை, வாங்குபவருக்கு இழப்போ ஆபத்தோ தருவதாயின் சொல்லியே ஆகவேண்டும். சைக்கிள் சட்டத்தின் உள்ளே இருப்பது எது என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. அதைத் தராசுதான் சொல்லிற்று.

ஆபத்து என்றோமே, அது வெறும் சொல்லன்று. எஃகு வளைந்து, தான் பழுதுற்றதைப் பல வேளைகளில் முன்கூட்டியே காட்டும். கார்பன் இழைப் பொருளோ உள்ளே பிளவுண்டும் வெளியே பளபளப்பாய் இருக்கக்கூடும். 2023 ஜூன் 18 அன்று, டைட்டானிக் சிதைவைக் காணச் சென்ற டைட்டன் என்னும் நீர்மூழ்கி அட்லாண்டிக்கின் ஆழத்தில் நசுங்கி ஐவர் மாண்டனர். அதன் உடற்கூடு கார்பன் இழையால் ஆனது. தரச்சான்று நிறுவனம் எதனிடமும் அது சான்று பெற்றிருக்கவில்லை. இழுவிசைக்கு வலிய பொருள், நாற்புறமும் அழுத்தும் ஆழ்கடலுக்கும் வலியதாய் இருக்க வேண்டுமென்பதில்லை. ஓரிடத்தில் உண்மையான புகழை வேறிடத்திற்கு ஆராயாமல் எடுத்துச் செல்வதன் விலை, சில வேளைகளில் மனித உயிர்.

நாட்டுச் சட்டமும் இதில் உறங்கவில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் திசைதிருப்பும் விளம்பரத்தை வரையறுத்து, 10 இலட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 இலட்சம் வரையிலும் தண்டம் விதிக்க வழி செய்கிறது. திருச்சபையும் 1997இல், சமூகத் தொடர்புக்கான திருப்பீட அவையின் வழியாக, விளம்பரத்தின் அறநெறி பற்றி ஓர் ஏடு வெளியிட்டது. உண்மை, மனித மாண்பு, சமூகப் பொறுப்பு ஆகிய மூன்றையும் விளம்பரத்தின் அளவுகோல்களாக அது வைத்தது. தவணைப் பணத்தை ஓவர்டைம் செய்து கட்டும் ஒரு தந்தையின் மாண்பும் அதில் அடங்கும்.

அப்படியாயின், தாள் ஒட்டும் நம் சகோதரர் குற்றவாளியா? அறநெறி இறையியல், தீமைக்கு மனமொப்பி உடனுழைப்பதையும், தன் எண்ணம் கலவாமல் வேலையளவில் துணைநிற்பதையும் வேறுபடுத்துகிறது. கோலமிட்ட தாள் ஓர் அலங்காரம். அலங்காரம் தன்னளவில் பொய் சொல்வதில்லை. அதைக் கார்பன் என்று சொல்லி விற்கும் வாயில்தான் பொய் பிறக்கிறது. "தம்பி, உங்க கை பாவம் செய்யல. யாராவது உங்ககிட்ட இது என்னன்னு கேட்டா மட்டும், உள்ளதைச் சொல்லுங்க" என்றோம். அவர் முகம் தெளிந்தது. பிறகு, "பையன்கிட்ட என்ன சொல்றது, சாமி?" என்றார்.

அக்கேள்வி நம்மையே குத்திற்று. அவருக்குப் பின்னால், நம் சிற்றாலயத்தின் பீடம் தெரிந்தது. சென்ற திருவிழாவிற்கு அச்சிட்ட நன்கொடைத் துண்டறிக்கையில், 'புதிய பளிங்குப் பீடம்' என்று எழுதியிருந்தோம். அதன் முன்புறத்தில் ஒட்டியிருப்பதோ, பளிங்குக் கோலம் அச்சிட்ட ஓடுகள். கல்லின் விலை அதிகம் என்பதால் எடுத்த முடிவு அது. பணத்தில் ஒரு காசும் வீணாகவில்லை. ஆயினும் ஐந்நூறு ரூபாய் கொடுத்த ஆயா, தன் காணிக்கை கல்லாய் நிற்கிறது என்றல்லவா நம்பிக்கொண்டிருக்கிறார்! கடைக்காரரின் பேனாவும் நம் பேனாவும் ஒரே மையில்தான் தோய்ந்திருந்தன.

அடுத்த ஞாயிறு அருளுரையின் முடிவில் அதை வெளிப்படையாகச் சொன்னோம். சிலர் சிரித்தனர். ஒருவர் வருந்தினார். அந்த ஆயா மட்டும் பூசைக்குப் பின் வந்து, "ஓடா இருந்தா என்ன சாமி, முன்னாடியே சொல்லியிருக்கலாம்" என்றார். நூல்கள் பலவற்றில் நாம் தேடியது அவ்வொரு வாக்கியத்தில் இருந்தது. எளிய பொருளைக் கண்டு மக்கள் வெட்கப்படுவதில்லை. தம்மிடம் உண்மையைச் சொல்லத் தேவையில்லை என்று நாம் எண்ணிவிட்டோமே என்பதுதான் அவர்களை வருத்துகிறது.

இலகுவான பொருளால் வரும் நன்மையை நாம் மறுக்கவில்லை. அப்துல் கலாம் அவர்கள் தம் வாழ்வின் பெரு மகிழ்ச்சிகளாக நினைவுகூர்ந்தது ஏவுகணையை மட்டுமன்று. ஏவுகணை ஆய்வில் உருவான இலகுவான கலப்புப் பொருளைக் கொண்டு, ஐதராபாத்து மருத்துவமனையில் இளம்பிள்ளை வாதத்தால் துன்புற்ற சிறுவர்களுக்குக் காலணைகள் செய்யப்பட்டன. மூன்று கிலோவுக்கு மேல் இருந்த சுமை, 300 கிராம் ஆயிற்று. அங்கே விளம்பரத் தாள் ஒன்றும் தேவைப்படவில்லை. எடை குறைந்ததை அக்குழந்தைகளின் கால்களே அறிந்தன.

நம் சகோதரர் மகனிடம் உண்மையைச் சொல்லிவிட்டார். பையன் ஒரு நாள் முழுவதும் பேசவில்லையாம். ஒட்டிய பெயரை அவன் கிழித்துவிடவும் இல்லை. இப்போதும் அதே சைக்கிளில்தான் பள்ளிக்குச் செல்கிறான். யாராவது கேட்டால், "இரும்புதான், எங்கப்பா வாங்கிக் கொடுத்தது" என்கிறானாம்.

அன்பு வாசகர்களே, நம் இல்லங்களிலும், தொழிலிலும், ஏன், நம் ஆலயங்களிலும் ஒட்டி வைத்திருக்கும் பெயர்கள் எத்தனை என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். அவற்றை எல்லாம் உரித்தெறிய வேண்டும் என்பதில்லை. கேட்பவருக்கு உள்ளதைச் சொல்லும் துணிவு நமக்கு வாய்த்தால் போதும்.