வாடகையா, ஒத்தியா, சொந்த வீடா?



அல்லாஹுத்தஆலா மனிதனுக்கு அருளியுள்ள நிஃமத்துகளில் வீடும் ஒன்று. வீடுகளை நமக்கு அமைதி தரும் இடமாக ஆக்கியிருப்பதை நஹ்ல் சூராவின் 80ஆம் ஆயத்தில் அவன் நினைவூட்டுகின்றான். விசாலமான வீடு மனிதனின் நற்பாக்கியங்களில் சேர்ந்தது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியிருப்பதை ஹதீஸில் காண்கின்றோம். ஆகவே சொந்த வீட்டுக்கு ஆசைப்படுவதில் தவறேதுமில்லை.

ஆனால் இன்று அந்த ஆசை பல குடும்பங்களில் ஒரு பதற்றமாகவே மாறிவிட்டது. "எத்தனை நாளைக்குத்தான் வாடகை வீட்டில் காலம் தள்ளுவது?" என்று வீட்டில் கேட்கின்றனர். "சொந்த வீடு இல்லாத இடத்தில் எப்படிச் சம்பந்தம் செய்வது?" என்று உறவினர் கேட்கின்றனர். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களிலோ பெண்ணுக்கு வீடு கொடுப்பது வழக்கமாகவே இருந்து வருகின்றது. மனைவிக்கு இருப்பிடம் அளிப்பது கணவன் மீதுள்ள கடமையென்று ஷரீஅத் சொல்லியிருக்க, அந்தச் சுமையைப் பெண்ணைப் பெற்றவர் தூக்குகின்றார். இந்தப் பேச்சுகளைத் தாங்க முடியாமல்தான் பலர் வட்டிக் கடனில் போய் விழுகின்றனர்.

கணக்கைச் சற்றுப் பொறுமையாகப் பார்ப்போம். 20 லட்சம் ரூபாயை 8.5 விழுக்காடு வட்டிக்கு, 20 ஆண்டுத் தவணையில் வாங்கினால் மாதந்தோறும் ஏறத்தாழ 17,350 ரூபாய் கட்ட வேண்டும். முதல் மாதத் தவணையில் 14,000 ரூபாய்க்கு மேல் வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 3,200 ரூபாய்கூட இல்லை. 240 மாதங்கள் கட்டி முடிக்கும்போது நாம் கொடுத்தது சுமார் 41 லட்சத்து 65 ஆயிரம் ரூபாய். வாங்கிய கடனைவிடக் கொடுத்த வட்டி அதிகம்! இதன்றி, வீட்டைக் கிரயம் முடிக்கும்போது முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம். பிறகு ஆண்டுதோறும் வீட்டு வரி. கூரை ஒழுகினாலும் மோட்டார் பழுதானாலும் அந்தச் செலவும் நம்முடையதே.

இது துன்யாவின் கணக்கு. ஆகிரத்தின் கணக்கோ இதைவிடக் கடினமானது. வட்டியை விடாதவர்கள் மீது அல்லாஹ்வும் அவனுடைய ரசூலும் போர் அறிவிப்பதாக பகரா சூராவின் 279ஆம் ஆயத் எச்சரிக்கின்றது. வட்டி வாங்குபவரோடு அதைக் கொடுப்பவரையும், எழுதுபவரையும், சாட்சி நிற்பவரையும் பெருமானார் (ஸல்) அவர்கள் சபித்திருக்கின்றார்கள். அமைதி தேடிக் கட்டும் வீட்டுக்கு இத்தகைய அஸ்திவாரமா போடுவது?

"வாடகை கொடுப்பது ஆற்றில் போட்ட காசு" என்று சொல்வோருண்டு. அது சரியன்று. ஒரு மாதம் குடியிருந்து பயனை அனுபவித்துவிட்டு அதற்குரிய கூலியைக் கொடுக்கின்றோம். ஷரீஅத் இதை 'இஜாரா' என்று ஹலாலாக்கியிருக்கின்றது. எனினும் வாடகையிலுள்ள சிரமங்களை நாம் மறைக்க வேண்டியதில்லை. வாடகை ஏறிக்கொண்டே போகும். வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னால் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் மதரஸாவும் மாறும். வருமானம் நின்ற முதுமையில் அது பெரும் பாரம். நிலத்தின் விலை ஏறும்போது அந்த லாபமும் உடையவருக்கே.

அப்படியானால் என்ன செய்வது? அதே வீட்டுக்கு வாடகை 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தவணைக்கும் வாடகைக்கும் உள்ள வித்தியாசம் 9,350 ரூபாய். அதை மாதந்தோறும் ஒதுக்கி வைத்தால் 5 ஆண்டுகளில் 5 லட்சத்து 61 ஆயிரம் ரூபாய் சேரும். வாடகை ஏற ஏறச் சேமிப்பு குறையும் என்பது உண்மையே. ஆனால் தவணைக்குப் பயந்து செலவைச் சுருக்குகின்ற நாம், அல்லாஹ்வுக்குப் பயந்து சுருக்கக் கூடாதா? அந்தச் சேமிப்பு நிஸாபை அடைந்து ஓராண்டு நிறைந்தால் ஜகாத் உண்டு என்பதையும் மறந்துவிடலாகாது. உடன்பிறந்தார் இருவர் கூட்டாக ஒரு வீட்டை வாங்கி, குடியிருப்பவர் மற்றவரின் பங்குக்கு வாடகை கொடுத்துக்கொண்டே, கையில் பணம் சேரச் சேர அந்தப் பங்கைக் கிரயம் பெறுவதற்கும் வழியுண்டு. வசதி படைத்தவர்கள் இத்தகையோருக்கு அழகிய கடன் கொடுத்து உதவுவது பெரும் நன்மையாகும்.

இனி ஒத்திக்கு வருவோம். வங்கி வட்டியை வெறுக்கும் தொழுகையாளிகளும் இதில் கவலையின்றி இறங்கிவிடுகின்றனர். 5 லட்சம் ரூபாயைக் கொடுத்து, 3 ஆண்டுகள் வாடகையின்றிக் குடியிருந்து, போகும்போது அதே 5 லட்சத்தைத் திரும்பப் பெறுகின்றனர். முழுமையாகத் திரும்பி வரும் பணம் கடனல்லாமல் வேறென்ன? அந்தக் கடனுக்காகவே வீடு இலவசமாகக் கிடைக்கின்றது. கடனைக் கொண்டு நிபந்தனையாகப் பெறும் ஆதாயம் வட்டியே என்பது ஃபுகஹாக்களின் தீர்ப்பு. ஏற்கெனவே ஒத்தியில் இருப்பவர்கள் வீட்டுக்காரருடன் அமர்ந்து, அக்கம்பக்கத்து வாடகையைக் கேட்டு ஒரு தொகையை நிர்ணயித்துக்கொள்ளட்டும். மாதம் 7,000 என்றால் 3 ஆண்டுகளுக்கு 2 லட்சத்து 52 ஆயிரம். அதைக் கழித்துக்கொண்டு மீதி 2 லட்சத்து 48 ஆயிரத்தை மட்டும் திரும்பப் பெறட்டும். ஊரிலுள்ள ஆலிமிடம் கேட்டு, இதை எழுத்திலும் பதித்துக்கொள்வது நலம்.

வீடுடையவர்களுக்கும் ஒரு வார்த்தை. முன்பணம் உங்கள் கையிலுள்ள பொறுப்பு. காலி செய்யும் நாளில் வெள்ளையடித்த செலவு, ஆணியடித்த செலவு என்று அநியாயமாகக் கழிக்காதீர்கள்.

நாயகம் (ஸல்) அவர்கள் 622ஆம் ஆண்டில் மதீனா வந்தபோது சொந்த வீட்டுக்கு வரவில்லை. அபூ அய்யூப் அன்ஸாரி (ரலி) அவர்களின் வீட்டில் சில மாதங்கள் தங்கினார்கள். பள்ளிவாசலுக்கென்று தேர்ந்த இடம் இரண்டு அனாதைச் சிறுவர்களுக்கு உரியது. அவர்கள் இலவசமாகவே தர முன்வந்தும், பெருமானார் (ஸல்) அவர்கள் விலை கொடுத்தே வாங்கினார்கள். பள்ளியை ஒட்டி அவர்களுக்காக எழுந்தவை பச்சைச் செங்கலும் பேரீச்ச மட்டையும் கொண்ட சிறிய அறைகளே. கை உயர்த்தினால் கூரையைத் தொடலாம். அந்த அறைகளில்தான் வஹீ இறங்கியது.

ஆகவே வாடகை வீட்டில் இருப்பதை இழிவென்று எண்ண வேண்டாம். இன்றிரவே குடும்பத்தாருடன் அமர்ந்து உங்கள் கணக்கைப் பாருங்கள். ஹலாலான வீடு தாமதமாக வந்தாலும் பறக்கத்தோடு வரும். வட்டியின்றி வாழ்ந்து, வட்டியின்றிக் கட்டிய வீட்டில் பிள்ளைகளைத் தொழவைக்கும் பாக்கியத்தை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.