தாத்தாவின் கைக்கடிகாரம்

மலேசியாவின் கேமரன் மலையில் ‘போ’ தேயிலைத் தோட்டம் தொடங்கியது 1929-இல். காடு வெட்டித் தேயிலை நட்ட தமிழர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அங்குள்ள லெம்பா பெர்த்தாம் பக்கம் வாழ்கிறார்கள். அப்படி ஒரு வீட்டு அலமாரியில் தாத்தாவின் சாவி கொடுக்கும் கைக்கடிகாரம் நின்றுபோய்க் கிடக்கிறதா? அதற்கு உயிர் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பெரும்பாலும் உள்ளே எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கும். மலையின் ஈரக்காற்று புகுந்து துருவும் பிடித்திருக்கலாம்.

ஓடுகிறதா என்று பார்க்கச் சாவியைத் திருக வேண்டாம். அந்தக் காலக் கடிகாரங்கள் பலவற்றில் உள்ளிருக்கும் சமன்சக்கரம் மணிக்கு 18,000 முறை துடிக்கும். எண்ணெய் இல்லாமல் ஓடினால் அச்சுகள் தேய்ந்துபோகும். முழுக்கப் பிரித்து, கழுவி, புது எண்ணெய் இடத் தெரிந்தவரிடம் கொடுங்கள். மங்கிய முகப்பைப் புதிதாக்கச் சொல்லாதீர்கள். அந்த மங்கலும் தாத்தாவுடையதுதான். பழைய முகப்பில் இருட்டில் ஒளிர்வதற்காகப் பூசியது ரேடியமாக இருக்கலாம், வீட்டில் திறந்து சுரண்டவே கூடாது.

மாற்றிய பழைய உறுப்புகளையும் கேட்டு வாங்கி வையுங்கள். தாத்தா அந்தக் கடிகாரத்தை எப்போது, எந்தச் சம்பளத்தில் வாங்கினார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் இந்த வாரமே கேட்டு எழுதிவிடுங்கள்.