காத்திருத்தலும் காக்கவைத்தலும்

கவிதை எப்போது முழுமை பெறுகின்றது? கவிஞன் இறுதிச் சொல்லை எழுதி எழுதுகோலைக் கீழே வைக்கும்போதா, அன்றி அச்சேறி வாசகன் கைக்கு வந்து சேரும்போதா? இது அழகியலாருக்கு மட்டுமே உரிய வினாவன்று, அறவியலுக்கும் உரியது. வாழ்நாளின் பிற்கூற்றிலேயே தம் முதல் நூலைக் கண்ட கவிஞரையும், அதனைக் காணாமலே கண்மூடிய கவிஞரையும் ஒருங்கு வைத்து நோக்கும்போது, அத்தாமதத்திற்குப் பொறுப்பாளி யார் என்னும் கேள்வி எழாமற் போகாது.

பாண்டிருப்பில் 1936ஆம் ஆண்டு பிறந்த சண்முகம் சிவலிங்கத்தை முதலில் நோக்குவோம். ஆசிரியத் தொழில் புரிந்த இவர் அறுபதுகள் தொட்டே கவிதை எழுதியவர். எம். ஏ. நுஃமானும் அ. யேசுராசாவும் தொகுத்து 1984இல் வெளிவந்த 'பதினொரு ஈழத்துக் கவிஞர்கள்' என்னும் நூலில் இடம்பெற்றவர். ஆயினும் அவருடைய முதலாவது தனித்தொகுதியாகிய 'நீர் வளையங்கள்' வெளிவந்தது 1988இலேயே ஆகும். அப்போது அவர் ஐம்பது வயதைக் கடந்திருந்தார். அடுத்த தொகுதி 2010இல் வந்தது. 2012இல் அவர் காலமானார். இரண்டு தொகுதிகளுக்கும் இடைப்பட்ட காலம் ஏறத்தாழ இருபத்திரண்டு ஆண்டுகள்.

இத்தகைய தாமதத்தை இழப்பென்று மட்டும் கொள்வது பொருந்துமா? பொருந்தாது என்பாரும் உளர். எழுதியவுடன் அச்சிடத் துடிப்பவன் புகழை நாடுகின்றான். எழுதியதைப் பன்முறை எடுத்துப் பார்ப்பவனோ சொல்லின் செம்மையை நாடுகின்றான் என்பது அவர்தம் வாதம். அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த கிரேக்கக் கவிஞர் கவாஃபி இதற்குத் தக்க சான்றாவார். அவர் தம் கவிதைகளைத் தனித்தாள்களாக அச்சிட்டு நண்பர்களுக்கு வழங்கினார். வழங்கிய பின்பும் திருத்தினார். 1933இல் அவர் மறைந்தார். கவிதைகள் முழுத்தொகுதியாக வெளிவந்தது 1935இலேயே. அவரை எவரும் காக்கவைக்கவில்லை, அவரே காத்திருந்தார். அக்காத்திருத்தல் கலைஞனின் நேர்மையாகும்.

ஆனால், எல்லாத் தாமதமும் இவ்வகையினது அன்று. பெரியநீலாவணையில் 1931இல் பிறந்த நீலாவணன் என்னும் சின்னத்துரை, ஈழத்துக் கவிதையில் தமக்கெனத் தனியிடம் பெற்றவர். 1975இல் அவர் மறைந்தார். அவருடைய கவிதைத் தொகுதி 'வழி' 1976இல் வெளிவந்தது. ஓராண்டு இடைவெளிதான், எனினும் அவ்வோராண்டின் இப்புறத்தில் கவிஞர் இல்லை. அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன் 1886இல் இறந்தபோது, அவர் எழுதிவைத்த ஏறத்தாழ 1,800 கவிதைகளுள் அச்சில் வந்திருந்தவை மிகச் சிலவே. எஞ்சியவற்றைத் தங்கை லவினியா கண்டெடுத்தார். 1890இல் முதல் தொகுதி வெளிவந்தது. அப்பெட்டியைத் திறக்க ஒரு தங்கை இல்லாதிருப்பின், இன்று நாம் அப்பெயரை அறிந்திருக்கமாட்டோம். நாம் அறிந்துள்ள கவிதை முழுவதும் யாரோ ஒருவர் காப்பாற்றித் தந்த பங்கே என்பதை இது உணர்த்துகின்றது.

எங்கள் மன்னார் மண்ணிலும் இதற்குச் சான்று உண்டு. 'மூவிராசாக்கள் நாடகம்', 'ஞானசவுந்தரி நாடகம்' போன்ற கூத்துகள் நெடுங்காலம் அண்ணாவிமாரின் கையெழுத்துப் பிரதிகளிலும் ஆடுவோர் நாவிலும் வாழ்ந்தவை. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவற்றைப் பதிப்பித்தார். அச்சு இல்லாமலும் கவிதை வாழும் என்பதற்கு இக்கூத்துகளே சாட்சி. ஆனால் அவ்வாறு வாழ்வதற்குப் பாடும் ஊர் ஒன்று ஒரே இடத்தில் நிலைத்திருத்தல் வேண்டும். ஊரே பெயர்ந்துவிட்டால் நாவிலுள்ள பாட்டு எங்கே போகும்?

இவ்வினாவை நான் நூல்களிற் கற்கவில்லை. மன்னார்ப் பெருநிலப்பரப்பிலுள்ள பெரியமடு எனது ஊர். என் பாட்டனார் அங்கே வயல் செய்தவர். குளம் நிரம்பிய ஆண்டுகளிலும், ஊரில் திருமணங்கள் நிகழ்ந்தபோதும் பாட்டுக் கட்டிப் பாடசாலைக் கொப்பிகளில் எழுதிவைத்தவர். அச்சிடுவோம் என்று கேட்டவர்களிடம், இன்னும் சீர் சரியில்லை என்று மறுத்தாராம். 1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எங்கள் குடும்பமும் புத்தளம் சென்றது. பிள்ளைகளைத் தூக்கிய கைகள் கொப்பிகளைத் தூக்கவில்லை. பின்னாளில் ஊர் திரும்பியபோது வீடு இருந்த இடத்தில் காடு இருந்தது. பாட்டனாரும் இன்றில்லை. என் உம்மாவின் நினைவில் எஞ்சிய சில அடிகளே இப்போது எங்களிடம் உள்ளன. அவையும் சீர் சரியானவைதானா என்று சொல்வதற்கு ஆள் இல்லை.

என் பாட்டனார் பெருங்கவிஞர் என்று நான் வாதிடவில்லை. அவ்வாறு வாதிடுவதற்கு வேண்டிய சான்றே அழிந்துவிட்டது என்பதுதான் என் துயரம். நல்ல கவிதையா அன்றா என்று தீர்ப்புக் கூறும் உரிமையைக்கூட அவ்விழப்பு எங்களிடமிருந்து பறித்துவிட்டது.

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். கவிஞனே அச்சை விரும்பாதபோது பிறர் தலையிடுதல் அவனுடைய உரிமையை மீறுவதாகாதா? இது புறக்கணிக்கத்தக்க தடையன்று. ஆயினும் வெளியிடுதல் வேறு, காத்தல் வேறு. வெளியிடும் காலத்தைத் தீர்மானிப்பவன் கவிஞன். அவன் தீர்மானிக்கும் வரை ஏடு அழியாமல் இருக்கச் செய்வது சுற்றியுள்ளோர் கடன். ஒரு படி எடுத்துப் பிறிதோர் இடத்தில் வைத்திருந்தால் பாட்டனாரின் மறுப்புக்கும் மதிப்பளித்திருப்போம், பாட்டையும் இழந்திருக்கமாட்டோம். அவர் மறுப்பை நாங்கள் பணிவு என்று போற்றினோம். அப்போற்றலுக்குள் எங்கள் சோம்பலும் ஒளிந்திருந்தது.

அமைதியான நாட்டில் தாமதம் கவிதையைக் கனியச் செய்யலாம். இடப்பெயர்வும் தீயும் கண்ட நாட்டில் மனிதனுக்கு முன் தாள் இறந்துவிடுகின்றது. ஆகவே, காத்திருத்தல் கவிஞனுக்கு அறமாகலாம். காக்கவைத்தல் சமூகத்திற்கு ஒருபோதும் அறமாகாது. சண்முகம் சிவலிங்கத்தின் முதல் தொகுதியைப் பிந்தியேனும் கையில் எடுக்க முடிந்தது நாம் பெற்ற பேறு. அப்பேற்றைப் பெறாத ஊர்கள் பல உள.

இம்முறை விடுமுறைக்குச் செல்லும்போது உம்மாவின் அருகிலிருந்து அவ்வடிகளை எழுதிக்கொள்ள எண்ணியுள்ளேன். இதை வாசிக்கும் மாணவர் ஒவ்வொருவர் வீட்டிலும் அவ்வாறு எழுதப்படவேண்டிய குரல் ஒன்று இருத்தல் கூடும். அது கவிதையா அன்றா என்பதைப் பின்வருவோர் ஆராயட்டும்; ஆராய்வதற்கு ஏதேனும் எஞ்சியிருக்கச் செய்வது நம் கடமையாகும்.