நோயாளிக்கு ஏற்ற உணவு கொடுப்பதும் சுன்னத்தே

 

 

உம்முல் முன்திர் (ரலி) அவர்களின் வீட்டிற்கு நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை வருகை தந்தார்கள். உடன் வந்த அலீ (ரலி) அவர்கள் அப்போதுதான் நோயிலிருந்து தேறிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் தொங்கிய பேரீச்சங் குலையிலிருந்து நபியவர்கள் சாப்பிட்டார்கள். அலீ (ரலி) அவர்களும் சாப்பிடத் தொடங்க, நீர் இன்னும் முழுமையாகத் தேறவில்லையே என்று நபியவர்கள் தடுத்துவிட்டார்கள். பிறகு அந்த அம்மையார் வாற்கோதுமையும் கீரையும் சமைத்துக் கொண்டுவந்தபோது, இதைச் சாப்பிடும், இதுவே உமக்கு ஏற்றது என்றார்கள். (நூல்: அபூதாவூத், திர்மிதி)

பேரீச்சம்பழம் ஹலால்; பரக்கத்தான உணவு. ஆனாலும் நோயாளிக்கு அது தடுக்கப்பட்டது. தடுத்ததோடு விடாமல், மாற்று உணவும் கொடுக்கப்பட்டது. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் சுன்னத்.

வில்சன் நோய்

நம் மஹல்லாக்களில் பலரும் கேள்விப்படாத ஈரல் நோய் இது. சுமார் 30,000 பேரில் ஒருவருக்கு வரும். 1912-ல் வில்சன் என்ற மருத்துவர் இதை விவரித்து எழுதியதால் அவர் பெயரே நிலைத்தது. உணவில் வரும் தாமிரத்தில் தேவைக்கு மிஞ்சியதை ஈரல் பித்தநீர் வழியே வெளியேற்ற வேண்டும். இந்த நோயாளிகளுக்கு அது நடப்பதில்லை. தாமிரம் ஈரலிலும் மூளையிலும் தேங்குகிறது. சிலருக்கு மஞ்சள் காமாலை, வயிற்றில் நீர். சிலருக்குக் கை நடுக்கம், பேச்சுக் குழறல், குணமாற்றம்.

வாலிபப் பிள்ளை திடீரெனக் குழறிப் பேசினால் ஜின் என்றும் செய்வினை என்றும் அலைகிறோமே! ஓதிப் பார்ப்பதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் மருத்துவரிடம் காட்டத் தாமதித்தால் ஈரல் கெட்டுவிடும்.

குர்பானி ஈரல்

பெருநாளன்று முதலில் ஈரலைச் சமைப்பது நம் வீடுகளில் வழக்கம். ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவையான தாமிரம் 1 மில்லிகிராமுக்கும் குறைவு. சமைத்த மாட்டு ஈரல் 100 கிராமிலோ அதைப்போல் பத்து மடங்குக்கும் மேல் இருக்கிறது. ஆகவே இந்த நோயாளிகள் ஈரலைத் தவிர்க்க வேண்டும். சிப்பி, நண்டு, காளான், முந்திரி போன்ற கொட்டைகள், சாக்லேட் ஆகியவற்றையும் மருத்துவர் குறைக்கச் சொல்வார். செம்புக் குடத்துத் தண்ணீர் மற்றவர்களுக்கு நல்லதென்றாலும் இவர்களுக்கு ஆகாது.

"பரக்கத்துக்கு ஒரு துண்டு சாப்பிடுங்க" என்று வற்புறுத்தாதீர்கள். உடும்புக் கறி வைக்கப்பட்டபோது நபியவர்கள் உண்ணவில்லை. காலித் இப்னு வலீத் (ரலி) அதே விரிப்பில் உண்டார்கள். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. விருந்தில் அவர்களுக்குச் சோறும் கோழியும் தனியாக எடுத்து வையுங்கள். நோயாளிகள் உங்களோடு உண்பதில் குற்றமில்லை என்று சூரத்துந் நூரில் அல்லாஹ் கூறுகிறான். அவர்களைத் தனியே உட்கார வைக்காதீர்கள்.

இன்னொரு பக்கம், ஈரல் நோய் என்றதும் கடும் பத்தியம் என்று கஞ்சியை மட்டும் கொடுப்பவர்களும் உண்டு. அதனால் உடல் சதை கரைந்து நோயாளி இன்னும் பலவீனமாவார். எதைக் குறைப்பது என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

மருந்தை நிறுத்தச் சொல்லாதீர்கள்

பத்தியம் மட்டும் போதாது. தாமிரத்தை வெளியேற்றும் மாத்திரையோ துத்தநாக மாத்திரையோ ஆயுள் முழுக்க வேண்டும். நன்றாகத்தானே இருக்கிறாய் என்று நிறுத்தச் சொன்னால் உயிருக்கே ஆபத்து. தலையில் காயம்பட்ட தோழரை, விவரம் தெரியாமல் குளிக்கச் சொன்னார்கள், அவர் இறந்துபோனார். சொன்னவர்கள்மீது நபியவர்கள் கடுமையாகக் கோபப்பட்டார்கள். (நூல்: அபூதாவூத்)

இந்த மாத்திரைகளை உணவு இல்லாத வேளையில், ஒரு நாளைக்குப் பலமுறை சாப்பிட வேண்டியிருக்கும். ரமளானுக்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். நோன்பு கூடாது என்று அவர் சொன்னால், நோயாளிக்கு அல்லாஹ் தந்த சலுகையை ஏற்றுக்கொள்ளுங்கள். குணமாகும் நம்பிக்கையில்லாத நோய்க்கு ஃபித்யா உண்டு. அவரை நோன்பில்லாதவர் என்று ஏளனமாகப் பார்ப்பது நமக்குத்தான் பாவம்.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்தால்தான் இந்நோய் வரும். ஆகவே தாயை மட்டும் பழிக்காதீர்கள். நோயாளியுடன் பிறந்த ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இருப்பதால், அறிகுறி இல்லாவிட்டாலும் பரிசோதியுங்கள். முன்கூட்டியே கண்டுபிடித்து மருந்தைத் தொடர்ந்தால் படிப்பு, திருமணம், தொழில் எல்லாம் மற்றவர்களைப் போலவே அமையலாம்.

ஆயுள் முழுக்க மருந்து வாங்குவது ஏழைக் குடும்பத்திற்குப் பெரும் சுமை. ஜகாத் பெறத் தகுதியுள்ள இத்தகையவர்களை மஹல்லா ஜமாஅத் தேடிப்போய்க் கொடுக்கட்டும்.

அல்லாஹு தஆலா நோயாளிகளுக்குப் பூரண ஷிஃபாவையும், அவர்களைப் பராமரிப்போருக்குப் பொறுமையையும், நமக்கு அவர்களின் மனம் நோகாமல் நடக்கும் தவ்ஃபீக்கையும் தந்தருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.